கடற்கரை முதல் தாம்பரம் வரை

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டை கொத்தளங்களைக் கொண்டு எழுதலாம். கோயில்களைக் கொண்டு எழுதலாம். ஆண்டவர்களின் பெயர் வரிசையைக் கொண்டும் எழுதலாம். சென்னை மாநகரின் வரலாற்றில் ஒரு பகுதியை அதன் மின்சார இரயிலைக் கொண்டு சொல்ல நான் இன்று முன்வந்திருக்கிறேன். கோட்டையைக் கட்டியவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. காலையில் வண்டியேறிச் சென்று மாலையில் வீடு திரும்பிய எழுத்தர்கள், ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், பூக்காரிகள் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுடைய வரலாறு தண்டவாளத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நெட்டப்பாக்கத்துக் கிராமவாசி ஒருவர் சென்னை இரயிலைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு என்னிடம் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, எங்கள் புதுச்சேரிக்கு இரயில் விட்ட அதே கும்பினிதான் சென்னைக்கும் மின்சார இரயிலைத் தந்தது. மற்றொன்றை இறுதியில் சொல்கிறேன்.

இந்தியாவில் பயணிகள் இரயில் முதன்முதலாக 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1856 ஜூலை முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் புகைவண்டி சென்றது. ஆசிரியப் பயிற்சிக்கென அரசினர் சென்னையில் பள்ளி ஒன்றை நிறுவியதும் அதே 1856-ஆம் ஆண்டில்தான். அப்பள்ளியே பின்னர்ச் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து புகழ்பெற்ற ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இருப்புப்பாதையும் ஆசிரியப் பயிற்சியும் ஒரே ஆண்டில் சென்னைக்கு வந்தன என்பதில் என் போன்ற பழைய வாத்தியார்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இராயபுரத்துப் பாதை அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி அகலம். அது பெருஞ்செலவு பிடித்தது. ஆகவே 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், சிக்கனம் கருதி, ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையை இடுவதென முடிவாயிற்று. இந்தியா மீட்டர் அளவைக்கு மாறிவிடும் என்று அக்காலத்தில் எதிர்பார்த்தார்கள். அதனால்தான் அடிக்கணக்கை விட்டு மீட்டரைக் கொண்டார்கள். மீட்டர் அளவை பிரெஞ்சுக்காரர் உலகிற்குத் தந்தது. ஆங்கிலேயர் ஆண்ட தென்னாட்டின் குறுக்கும் நெடுக்கும், எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் அளவுகோலே தண்டவாளமாக நீண்டு கிடந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

1874-இல் இரண்டு கும்பினிகள் இணைந்து தென்னிந்திய இரயில்வே தோன்றிற்று. சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே சென்ற மீட்டர் பாதை அதனுடையது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப் பாதை வந்தது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று நம் வயல்களுக்கிடையே செல்லும் பாதை அதுதான். பிரெஞ்சு மண்ணில் முடிந்த அப்பாதையில் வண்டிகளை ஓட்டியதும் அதே தென்னிந்திய இரயில்வேதான்.

இனி நகருக்குள் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சென்னை உண்மையில் பல சிற்றூர்களின் கூட்டம். எழும்பூர், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், சைதாப்பேட்டை என ஒவ்வொன்றும் தோப்பும் ஏரியும் இடையிட்டுத் தனித்தனியே கிடந்தன. அலுவலகங்களும் வாணிகமும் துறைமுகத்தை ஒட்டிக் கடற்கரையில் இருந்தன. 1895-இல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னைத் தெருக்களில் ஓடத் தொடங்கிற்று. ஆயினும் டிராம் வண்டி தெருவோடு போவது. மாட்டு வண்டிக்கும் கைவண்டிக்கும் நடுவே அது ஊர்ந்துதான் செல்ல வேண்டும். நான்கைந்து மைல் தூரத்துக்கு அது போதும். பதினைந்து மைலுக்கு உதவாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரம் தென்மேற்கே நகரலாயிற்று. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1923-இல் தொடங்கி அதை வடித்து நிலமாக்கினார்கள். அந்த ஏரிப் படுகையில் எழுந்ததே சர் பிட்டி தியாகராயர் பெயரைத் தாங்கிய தியாகராய நகர். அதன் மேற்கு எல்லையாக அமைந்தது தென்னிந்திய இரயில்வேயின் பாதை, நிலையம் மாம்பலம். வீடு மாம்பலத்தில், வேலை கடற்கரையில் என்ற புதிய வாழ்க்கை முறை அங்கே பிறந்தது. அதற்கு முன் நம் நாட்டில் உழவர் வயலருகே குடியிருந்தார்; நெசவாளர் தறியருகே உறங்கினார்; கடைக்காரர் கடைக்கு மேல் மாடியில் வாழ்ந்தார். உறங்குமிடமும் உழைக்குமிடமும் மைல் கணக்கில் பிரிந்தது புதுமை. இருப்புப்பாதை இல்லாமல் அப்புதுமை நிலைத்திருக்க முடியாது.

ஆனால் நீராவி வண்டி இந்த வேலைக்குத் தகுதியுடையதன்று. காரணத்தைச் சற்று விளக்குகிறேன். நீராவி எஞ்சின் நெடுந்தூரம் நில்லாமல் ஓடுவதற்கு ஏற்றது. நின்று நின்று ஓடுவது அதற்கு ஒவ்வாது. புறப்பட்டு வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். புறநகர்ப் பாதையில் ஒரு மைலுக்கு ஒரு நிலையம். மேலும், கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொணர்ந்து, மறுமுனையில் பூட்ட வேண்டும். அதற்குள் பின்னால் இன்னொரு வண்டி வந்து காத்து நிற்கும். மின்சார இரயிலுக்கோ தனியே எஞ்சின் கிடையாது. பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் இருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருக்கும். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். வண்டி திரும்பிவிட்டதாகப் பொருள். நிற்பதும் விரைவு, புறப்படுவதும் விரைவு. ஒரே பாதையில் பன்மடங்கு வண்டிகளை விடலாம்.

இந்தியாவில் இம்முறை முதலில் பம்பாயில் வந்தது. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார இரயில் ஓடிற்று. அடுத்த நகரம் சென்னை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அத்தூரத்தில் புறநகர் வண்டிகளுக்கென்றே இரண்டு பாதைகளை ஒதுக்கி, மேலே 1,500 வோல்ட் நேர்மின்னோட்டக் கம்பியை இழுத்தார்கள். 1928-இல் தொடங்கிய பணி மூன்றே ஆண்டுகளில் முடிந்தது. 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் சென்னை மாகாண கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதனைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். கல்கத்தாப் பகுதிக்கு மின்சார இரயில் 1957-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் சென்னை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

இங்கே ஒரு செய்தியை நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். 1931-இல் தாம்பரம் எப்படி இருந்தது? முள்ளும் புதரும் மண்டிய காட்டுப்புறம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளருக்கென மருத்துவ நிலையம் ஒன்றை அங்கே அமைத்தார் என்றால், அது ஊரைவிட்டு விலகித் தூய காற்றுள்ள இடமாக இருந்ததே காரணம். இன்றும் அந்த இரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றினால் குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது. இப்படி ஆங்காங்கே ஓர் ஆலை, ஒரு மருத்துவமனை, இடையிடையே பனந்தோப்பு, அவ்வளவுதான். அந்த இடத்துக்கு மின்சார இரயில் விட்டார்கள். ஏறுவதற்கு ஆள் எங்கே என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

ஆள் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. கோடம்பாக்கத்தை அடுத்துப் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்தன. மாம்பலத்துக்கு மேற்கே சிறு சம்பளக்காரர்களின் தெருக்கள் பெருகின. பல்லாவரமும் குரோம்பேட்டையும் வீடு கட்டுவோரின் ஊர்களாயின. பாதை முன்னே சென்றது. மக்கள் பின்னே சென்றார்கள். வாய்க்காலை வெட்டிவிட்டு நிலத்தைத் திருத்தினான் உழவன் என்பது போன்றது இது. நிலத்தைத் திருத்திப் பயிரையும் நட்டுவிட்டுப் பிறகு வாய்க்காலுக்கு வழி தேடுகிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மீட்டர் பாதை மின்சார இரயிலில் நானும் பயணம் செய்தவன். 1980-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயின்ற ஓராண்டும், தாம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்கி, மாதாந்தரச் சீசன் டிக்கெட்டில் போய்வந்தேன். கிராமத்தில் நாங்கள் நேரத்தை வெயிலைப் பார்த்துச் சொல்பவர்கள். மிஞ்சிப்போனால் ஆலைச் சங்கைக் கேட்டுச் சொல்வோம். அந்த வண்டியில்தான் எட்டேகால் என்பதற்கும் எட்டு பதினேழு என்பதற்கும் வேறுபாடு உண்டு என்று கற்றேன். வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்படுவதற்கு முன், இந்நாட்டு இருப்புப்பாதைகள் பெரும்பாலும் சென்னை நேரத்தையே கடைப்பிடித்தன. நிமிடத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் இரயில் நிலையம்தான்.

அந்தப் பெட்டிகளில் கண்ட சமுதாயமும் மறக்கற்பாலதன்று. விடியற்காலை வண்டிகளில் காய்கறிக் கூடைகளும் பூக்கூடைகளும் ஏறும். பிறகு ஆலைத் தொழிலாளர். அதன்பின் கல்லூரி மாணவர். ஒன்பது மணிக்குச் சோற்றுப் பாத்திரத்துடன் எழுத்தர்கள். மகளிருக்கெனத் தனிப் பெட்டி இருந்தது. தன் ஊரில் தனியே பேருந்து ஏறத் தயங்கும் குடும்பத்துப் பெண்கள் பலர் அப்பெட்டியின் துணையால் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். ஒருவர் மாதம் முழுதும் போய்வருவதற்கான கட்டணம் அவருடைய சில நாள் கூலிக்குள் அடங்கிற்று. அதனால் நிலம் மலிவான இடத்தில் குடியிருந்துகொண்டு, கூலி மிகுந்த இடத்தில் வேலை செய்ய ஏழையாலும் முடிந்தது. நகரத்துக்கு இரயில் செய்யும் மிகப் பெரிய உதவி இதுவே என்பது என் கருத்து.

குறைகளும் இருந்தன, இருக்கின்றன. படிக்கட்டில் தொங்கிச் சென்றும், மேம்பாலம் ஏறச் சோம்பிப் பாதையைக் கடந்தும் உயிரிழந்தவர் பலர். தண்டவாளம் ஓர் ஊரை இரண்டாகப் பிளந்து, கிழக்கே ஒரு தகுதியும் மேற்கே ஒரு தகுதியும் உண்டாக்கியதும் உண்மை. மாம்பலத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

இனி பிற்காலத்தைச் சுருக்கமாகக் காண்போம். தென்னிந்திய இரயில்வே 1944-இல் அரசுடைமையாயிற்று. 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு இரயில்வே உருவாயிற்று. 1953-இல் டிராம் வண்டிகள் நின்றுபோயின. ஆகவே மின்சார இரயிலின் சுமை மேலும் கூடிற்று. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சார இரயில் பெட்டிகள் பின்னர் அங்கேயே செய்யப்படலாயின. 1960-களில் நேர்மின்னோட்டத்தை நீக்கி 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கொணர்ந்தார்கள். அழுத்தம் குறைந்த மின்சாரத்தைக் கொண்டு பாரமான வண்டியை இழுக்கக் கம்பி தடிப்பாக இருக்க வேண்டும். துணை மின்நிலையங்களும் அடுத்தடுத்து வேண்டும். அழுத்தம் மிகுந்தால் மெல்லிய கம்பியே போதும். அதனால் தாம்பரத்துக்கு அப்பால் விழுப்புரம் வரையும் மீட்டர் பாதை மின்மயமாயிற்று.

1979-இல் சென்னை சென்டிரலிலிருந்து கும்மிடிப்பூண்டித் திசையிலும் திருவள்ளூர்த் திசையிலும் அகலப் பாதையில் மின்மயம் வந்தது. 1990-களில் தாம்பரம் பாதையை அகலப்படுத்தும் பணி நடந்து, 2004-இல் கடைசி மீட்டர் பாதை மின்வண்டி ஓய்வுபெற்றது. எழுபத்து மூன்று ஆண்டுகள் உழைத்த பாதை அது. மனிதருக்குக்கூட அத்தனை ஆண்டுப் பணி கிடைப்பதில்லை. 2015-இல் மெட்ரோ இரயிலும் சென்னைக்கு வந்துவிட்டது.

இவற்றுள் ஒன்றைத் தனித்து ஆராய வேண்டும். அதுவே பறக்கும் இரயில் எனப்படும் கடற்கரை - வேளச்சேரிப் பாதை. அதைப் பற்றிய பேச்சு 1970-களிலேயே எழுந்தது. முதற் பகுதி 1995-இல் திறக்கப்பட்டது. வேளச்சேரியை அது எட்டியது 2007-இல். ஏறத்தாழ 19 கிலோமீட்டர்! 1931-இல் 29 கிலோமீட்டரை மூன்றே ஆண்டுகளில் முடித்தவர்களின் பேரர்களுக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது? திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். முன்னவர்கள் வெற்றுநிலத்தில் பாதை இட்டார்கள். பின்னவர்களுக்கு நிலமே மிஞ்சவில்லை. வீடுகள் முந்திக்கொண்டன. இடம் இல்லாத காரணத்தால் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும், பல இடங்களில் அதன் நீரோட்டத்துக்குள்ளேயும் தூண்களை நட்டுப் பாதையை மேலே தூக்க வேண்டியதாயிற்று. காலத்தில் செய்யாத வேலைக்கு நீர்வழி விலை கொடுத்தது.

ஏரியின் கதையும் இதுதான். மாம்பலத்தில் ஏரியை வடித்து நகர் அமைத்தபோது அது பெரிய சாதனையாகத் தோன்றிற்று. அதையே பின்வந்தோர் திட்டமும் இன்றிக் கட்டுப்பாடும் இன்றிப் பின்பற்றினர். இரயில் நிலையம் இருந்த இடமெல்லாம் ஏரிக்கரைகள் மனைகளாயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்துப் புறநகர்களும் வேளச்சேரியும் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

என் இரண்டாவது விடைக்கு இப்போது வருகிறேன். சென்னையின் வரலாற்றில் 1920-களில் நேர்ந்தது எங்கள் கொம்யூன்களில் இன்று நேர்ந்துகொண்டிருக்கிறது. வில்லியனூரைச் சுற்றி வயல்கள் மனைகளாகின்றன. நெட்டப்பாக்கத்திலும் பாகூரிலும் பிறந்த இளைஞர்கள் உறங்குமிடம் ஒன்றாகவும் உழைக்குமிடம் ஒன்றாகவும் வாழத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சீசன் டிக்கெட் இல்லை. இருசக்கர வண்டிதான் உண்டு. சம்பளத்தில் ஒரு பங்கு அதன் தவணைக்கும் எரிபொருளுக்கும் போகிறது. இரவுப் பணி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் திரும்புகையில் சாலையில் உயிர்நீத்த என் பழைய மாணவர் இருவரின் இறுதி ஊர்வலத்தில் நான் நடந்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் நான் எழுதிய பெயர்கள் அவை. ஆகவே இரயிலைப் பற்றிய இப்பேச்சு எனக்குப் பொழுதுபோக்கு அன்று.

விழுப்புரம் - புதுச்சேரி இருப்புப்பாதை 1879 முதல் நம் நடுவே கிடக்கிறது. ஒற்றைப் பாதைதான், நெடுந்தூர வண்டிகளுக்குத்தான் அது பெரிதும் பயன்படுகிறது. காலை மாலை வேளைகளில் அடிக்கடி ஓடும் சிறுவண்டிகளை அதில் விட்டால், வளவனூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் எத்தனையோ பேர் உயிருக்கு அஞ்சாமல் வேலைக்குப் போய்வரலாம். நெட்டப்பாக்கத்தையும் மதுகரையையும் சின்னபாபுசமுத்திரம் நிலையத்தோடு இணைக்க நேரம் தவறாத பேருந்து ஒன்று போதும். இதற்குப் போதிய பயணிகள் இல்லை என்பார்கள். 1931-இல் தாம்பரத்தில் எத்தனை பயணிகள் இருந்தார்கள் என்று அவர்களை நாம் பணிவுடன் கேட்கலாம்.

முன்னோக்கிச் செய்யும் பொதுச் செலவு நம் மண்ணுக்குப் புதியது அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்லூரியைப் பேணுவதற்காக மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன; பாகூர்ச் செப்பேடுகள் அதைச் சொல்கின்றன. இன்னும் பிறவாத மாணவர்களுக்காக அன்று வருவாயை ஒதுக்கினார்கள். அதே பாகூரின் பெரிய ஏரி இன்றும் எங்கள் வயல்களுக்கு நீர் தருகிறது. கல்லூரியையும் ஏரியையும் ஒருங்கே பேணத் தெரிந்த ஊர் அது.

சென்னை மின்சார இரயிலின் வரலாறு நமக்குச் சொல்வது இரண்டு செய்திகள். பாதையை மக்களுக்கு முன்னே அனுப்புங்கள். ஏரியை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள். முதற் பாடத்தைச் சென்னை 1931-இலேயே நமக்கு நடத்திக் காட்டிவிட்டது. இரண்டாவதைக் கற்பதற்கு அது கொடுத்த விலை பெரிது. அவ்விலையை நாமும் கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனைப் பிரிவுகளின் கற்கள் ஊன்றப்படுவதற்கு முன்பே, பாதைக்கும் நிலையத்துக்கும் நீர்வழிக்கும் உரிய நிலத்தை எங்கள் ஊராட்சியாளர்கள் அளந்து ஒதுக்கி வைப்பார்களானால், நாளை பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைகள் வேலைக்குப் போய் நலமாக வீடு திரும்புவார்கள்.